ஒரு பிடி மண், ஒரே வயிறு: ஆன்டிகனியின் பாசமும் ரோஷமும்

தீப்ஸ் நகருக்கு வெளியே, வெட்டவெளியில் ஒரு பிணம் கிடக்கிறது. யாரோ இரவோடு இரவாக வந்து அதன்மேல் மண் தூவிவிட்டுப் போயிருக்கிறார்கள். காவலாளிகள் அந்த மண்ணைத் துடைத்துத் தள்ளுகிறார்கள். அழுகத் தொடங்கிவிட்ட உடலைத் திறந்துபோட்டுவிட்டு, நாற்றம் வந்து தாக்காத இடமாகப் பார்த்து மேட்டில் உட்காருகிறார்கள். ஒருவன் கண்ணயர்ந்தால் இன்னொருவன் திட்டி எழுப்புகிறான். உச்சி வெயில் ஏறுகிறது. திடீரென்று ஒரு சூறைக்காற்று. சமவெளி முழுக்கப் புழுதி. மரங்களின் இலைகள் பிய்ந்து பறக்கின்றன. எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்கள். புழுதி அடங்கிக் கண் திறந்தால், எதிரே ஒரு பெண். குஞ்சுகள் பறிபோய்க் காலியாகக் கிடக்கும் கூட்டைக் கண்ட பறவைபோல் கதறுகிறாள். மண்ணைத் துடைத்தவர்களைச் சபிக்கிறாள். வறண்ட மண்ணைக் கைகளால் அள்ளி வந்து போடுகிறாள். வெண்கலக் கெண்டியைத் தூக்கிப் பிடித்து மூன்று முறை நீர்க்கடன் வார்க்கிறாள். பாய்ந்து போய்ப் பிடிக்கிறார்கள். அவள் பதறவில்லை, எதையும் மறுக்கவுமில்லை.

அந்தப் பெண் ஆன்டிகனி. கிடக்கிறவன் அவளுடன் பிறந்த பாலினைசிஸ்.

கி.மு. 441-ஐ ஒட்டி ஏதென்ஸில் அரங்கேறியதாகக் கருதப்படும், கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் 'ஆன்டிகனி' நாடகத்தில், காவலாளி ஒருவன் வந்து சொல்லும் காட்சி இது. நாடகம் முழுவதும் 1,353 வரிகள்தான். சோபோக்ளிஸ் எழுதியவை 120-க்கும் மேல். முழுமையாக நமக்குக் கிடைத்தவை 7. அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில், திறந்தவெளி அரங்கில், முகமூடி அணிந்த ஆண்களே எல்லா வேடங்களையும் ஏற்று நடித்தார்கள். இத்தனை உக்கிரமான பெண்ணும் அங்கே ஓர் ஆணின் குரலில்தான் பேசினாள்.

கதையின் முன்பகுதி தெரிந்ததுதான். தெரியாமல் தந்தையைக் கொன்று, தெரியாமல் தாயை மணந்த ஈடிபஸுக்கு நான்கு பிள்ளைகள்: எட்டியோக்ளிஸ், பாலினைசிஸ், ஆன்டிகனி, இஸ்மெனி. ஆட்சிக்காக மகன்கள் இருவரும் மோதிக்கொண்டார்கள். நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பாலினைசிஸ், ஆர்கோஸ் நகரத்துப் படையைத் திரட்டிக்கொண்டு தீப்ஸின் ஏழு வாயில்களிலும் வந்து நின்றான். ஒரே நாளில் இருவரும் ஒருவர் கையால் மற்றவர் மாண்டார்கள். அரசுக் கட்டிலில் ஏறியவர் தாய் ஜொகாஸ்டாவின் உடன்பிறந்த கிரியோன், அதாவது இந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். அவருடைய மகன் ஹீமோனுக்குத்தான் ஆன்டிகனி நிச்சயிக்கப்பட்டிருக்கிறாள். புதிய அரசரின் முதல் ஆணை: நகரைக் காத்த எட்டியோக்ளிஸுக்கு முழு மரியாதையுடன் அடக்கம், நகரை எரிக்க வந்த பாலினைசிஸ் நாய்க்கும் பறவைக்கும் இரை. மீறினால் கல்லால் அடித்துக் கொலை.

இந்த நாடகத்தைப் பாடமாகப் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி பழகியிருக்கும்: ஆன்டிகனியின் வீழ்ச்சிக்கு அவளுடைய செருக்கு காரணமா? விடையும் தயாராக இருக்கும். குடும்பப் பாசம் அவளுடைய உயர்ந்த குணம், செருக்கு அவளுடைய குறை. ஒன்று தூக்கிவிட்டது, மற்றொன்று கவிழ்த்துவிட்டது. இந்த விடையை என்னால் ஒருபோதும் ஏற்க முடிந்ததில்லை. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் கிரேக்கச் சொற்களே அதைத் தாங்குவதில்லை. குறை என்று மொழிபெயர்க்கப்படும் 'ஹமார்ஷியா' என்பதற்குக் குறி தவறுதல், பிழை என்பதுதான் பொருள். பிறவிக் குணக்கேடு என்று பொருளில்லை. செருக்கு என்று மொழிபெயர்க்கப்படும் 'ஹுப்ரிஸ்' என்பது ஏதென்ஸில் வழக்குத் தொடுக்கக்கூடிய குற்றம்: இன்னொருவரை அடித்தோ அவமதித்தோ கீழ்மைப்படுத்துவது. அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் இந்த நாடகத்தை ஒரே ஓர் இடத்தில்தான் குறிப்பிடுகிறார். அதுவும் தந்தைமேல் வாளை ஓங்கிய ஹீமோன் கொல்லாமல் விட்டதைப் பற்றி. ஆன்டிகனியின் குறை என்று அவர் எதையும் சொல்லவில்லை.

சரி, அவளிடம் இருப்பதை என்னவென்று சொல்வது? கர்வம், செருக்கு, வீம்பு என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நான் 'ரோஷம்' என்பேன். கர்வம் தனி ஆளுக்கு வருவது. ரோஷத்தில் எப்போதும் கொஞ்சம் பிறப்பு கலந்திருக்கும். 'நீ நல்ல வயிற்றில் பிறந்தவளா?' என்று கேட்டால் சுருக்கென்று தைப்பது அது. ஆன்டிகனி தன் தங்கையிடம் கிட்டத்தட்ட அந்த வார்த்தைகளைத்தான் சொல்கிறாள்: 'நீ பிறப்பால் உயர்ந்தவளா, உயர்ந்தோர் வயிற்றில் பிறந்த இழிந்தவளா என்பது இப்போது தெரிந்துவிடும்.' நாடகம் தொடங்கி நாற்பது வரிகூட ஆகவில்லை. பாசமும் ரோஷமும் ஒரே மூச்சில் வந்துவிட்டன.

இன்னும் பின்னே போய் முதல் வரியையே பார்க்கலாம். விடிவதற்கு முன், அரண்மனைக்கு வெளியே, ரகசியமாக அழைத்துவந்த தங்கையை அவள் விளிக்கும் வரி அது. 'சகோதரி' என்ற நம் சொல்லைப் பிரித்தால் ச, உதரம்: ஒரே வயிறு. கிரேக்கத்தின் 'அதெல்போஸ்' என்ற சொல்லும் அச்சு அசலாக அதே கட்டமைப்பு. அதற்குள் இருப்பதும் வயிறுதான். ஆன்டிகனிக்கு அதுவும் போதவில்லை. அதற்கு முன்னால் 'ஆட்டோ' என்ற முன்னொட்டைச் சேர்க்கிறாள். தான், தன், அதே என்றெல்லாம் பொருள்படும் சிறு சொல். 'என்னோடு பொதுவான, அதே வயிற்றில் உடன்பிறந்த இஸ்மெனியே' என்று அன்பு நெருக்கி அழைக்கும் அழைப்பு.

இந்தச் சிறு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாடகத்துக்குள் நடந்தால் வழி தெளிவாகத் தெரிகிறது. சகோதரர்கள் ஒருவரையொருவர் கொன்றதை இஸ்மெனி சொல்லும்போது 'தம்மைத் தாமே கொன்றவர்கள்' என்கிறாள். அங்கேயும் அந்த 'ஆட்டோ'. கல்லறையை நோக்கி நடக்கும் ஆன்டிகனியைப் பார்த்து, 'தன் சட்டத்தின்படி வாழ்ந்து உயிரோடு பாதாளம் போகிறாய்' என்கிறது நாடகத்தில் பாடியும் பேசியும் வரும் தீப்ஸ் முதியோர் குழு, மறுபடி 'ஆட்டோ'. 'தானே தேர்ந்த உன் சீற்றம் உன்னை அழித்தது' என்கிறது, மறுபடியும். உறவைச் சொல்லவும் பிடிவாதத்தைச் சொல்லவும் சோபோக்ளிஸ் ஒரே முன்னொட்டைத்தான் எடுக்கிறார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று நாம் சொல்லும்போது, தானும் தன் சதையும் வேறு வேறு என்று வைத்துப் பேசுகிறோம். ஆன்டிகனிக்கு அந்தப் பிரிவே கிடையாது. தன் சதைதான் அவளுக்குத் 'தான்'. உடன்பிறந்தவனை விட்டுக்கொடுப்பது தன்னை விட்டுக்கொடுப்பது. ஆகவே பாசத்தைத் தனியாகவும் ரோஷத்தைத் தனியாகவும் எடைபோட முடியாது.

இதற்குச் சாட்சி இஸ்மெனி.

அவள் கோழை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது அநியாயம். தந்தை கண்களைக் குத்திக்கொண்டதையும், தாய் தூக்கில் தொங்கியதையும், சகோதரர்கள் வெட்டிக்கொண்டதையும் வரிசையாக எண்ணிச் சொல்லி, 'இனி மிஞ்சியவர்கள் நாம் இருவர் மட்டும்' என்று கெஞ்சுபவள் அவள். இருக்கிற உறவைக் காப்பாற்ற நினைக்கிறாள். 'யாரிடமும் சொல்லாதே, நானும் சொல்லமாட்டேன்' என்கிறாள். ஆன்டிகனி வெடிக்கிறாள்: 'ஊருக்கே உரக்கச் சொல்! வாயை மூடிக்கொண்டிருந்தால் உன்னை இன்னும் வெறுப்பேன்.' இனிமேல் நீயே உதவ வந்தாலும் வேண்டாம் என்கிறாள். 'இங்கே இருப்பவர்களைவிடக் கீழே இருப்பவர்களைத்தான் நான் அதிக காலம் திருப்திப்படுத்த வேண்டும்' என்கிறாள். இறந்தவர்களின் வீடே இவளுக்கு நிரந்தர வீடு. 'குளிர்ந்த காரியத்துக்காகக் கொதிக்கிறது உன் நெஞ்சு' என்று இஸ்மெனி சொல்வதைவிடச் சரியாக யாரும் ஆன்டிகனியைச் சொல்லிவிடவில்லை.

கிரியோனையும் முதலிலேயே கொடுங்கோலன் என்று முத்திரை குத்தக் கூடாது. 'நாடு என்னும் கப்பல் நிமிர்ந்து சென்றால்தான் நமக்கு நண்பர்களே கிடைப்பார்கள்' என்று அவர் பேசும் முதல் உரையை, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, கி.மு. 343-இல், ஏதென்ஸின் பேச்சாளர் டெமோஸ்தனீஸ் நீதிமன்றத்தில் நல்ல குடிமகனின் இலக்கணமாக எடுத்துக்காட்டினார். துரோகிகளுக்குச் சொந்த மண்ணில் அடக்கம் மறுப்பது ஏதென்ஸின் நடைமுறைதான். பாரசீகப் படையெடுப்பிலிருந்து நகரைக் காத்த தெமிஸ்டோக்ளிஸ் பிற்பாடு துரோகக் குற்றச்சாட்டில் ஓடிப்போய் வெளிநாட்டில் இறந்தபோது, அவருடைய எலும்புகளை உறவினர்கள் ரகசியமாகக் கொண்டுவந்து புதைத்ததாகச் சொல்லப்பட்டதை வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் பதிவுசெய்திருக்கிறார். எனவே அன்றைய பார்வையாளர்களுக்கு இது கட்டுக்கதையின் சிக்கலாக மட்டும் தோன்றியிருக்காது. கிரியோன் எல்லை மீறும் இடம் ஒன்று உண்டு: தன் மண்ணில் இடமில்லை என்பதோடு அவர் நிற்கவில்லை. எங்கேயும் யாரும் புதைக்கக் கூடாது, கிடந்து அழுக வேண்டும் என்கிறார். பிணத்தைக் குளிப்பாட்டுவதும் அதைச் சுற்றி ஒப்பாரி வைப்பதும் கிரேக்கத்தில் குடும்பத்துப் பெண்களின் வேலை. அவர்கள் கையிலிருந்த அதிகாரத்தில் அவர் கைவைக்கிறார்.

ஆன்டிகனி அவர் எதிரே நின்று பேசும் பேச்சு உலகப் புகழ் பெற்றது. இந்த ஆணையைப் பிறப்பித்தது தலைமைக் கடவுள் ஜீயஸ் இல்லை. மனிதர் போடும் ஆணைக்கு, எழுதப்படாத, அசைக்க முடியாத தெய்வ நியதியைத் தாண்டும் வலிமை கிடையாது. அவை இன்றைக்கோ நேற்றைக்கோ வந்தவை அல்ல, என்றைக்கும் வாழ்பவை, எப்போது தோன்றின என்று யாருக்கும் தெரியாது. மனசாட்சியின் குரலாக இதைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதே மூச்சில் அவள் சொல்லும் அடுத்த வாக்கியங்களை விட்டுவிடுகிறோம். 'என் தாய் பெற்றவன் அடக்கம் இல்லாமல் கிடப்பதைப் பொறுத்திருந்தால், அது எனக்கு வலித்திருக்கும்.' சிறிது நேரத்தில் இன்னொன்று: 'செத்தவன் அடிமை இல்லை; உடன்பிறந்தவன்.' இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டையில் முள் சிக்கும். மனித குலம் அனைத்துக்குமான நீதியைப் பேசுகிறவளாக இருந்தால், அடிமை செத்திருந்தாலும் புதைத்திருக்க வேண்டுமே? அவள் பேசுவது அரச குலத்தில் பிறந்தவளின் பேச்சு. முதியோர் குழு உடனே அடையாளம் கண்டுகொள்கிறது: 'முரட்டுத் தந்தைக்குப் பிறந்த முரட்டுப் பெண், துன்பத்துக்கு வளையத் தெரியவில்லை.' அவளுடைய ரோஷமே ஒரு குடும்பச் சொத்து. ஈடிபஸும் இப்படித்தான், உண்மை தன்னை அழிக்கும் என்று தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை.

'பகைவன் செத்தாலும் நண்பனாக மாட்டான்' என்று கிரியோன் சொல்ல, 'சேர்ந்து வெறுக்கப் பிறந்தவள் அல்ல நான். சேர்ந்து நேசிக்கப் பிறந்தவள்' என்கிறாள். எத்தனையோ பேர் மேற்கோள் காட்டிய வரி. அதைச் சொல்லி முடித்துச் சில வரிகளுக்குள் இஸ்மெனி அழுதுகொண்டே வருகிறாள். 'நானும் சேர்ந்துதான் செய்தேன், உன்னோடு சாகிறேன்' என்கிறாள். நேசிக்கப் பிறந்தவள் என்ன செய்கிறாள்? 'வார்த்தையில் மட்டும் நேசிப்பவளை நான் நேசிப்பதில்லை. நீ கைவைக்காததை உன்னுடையது என்று சொல்லிக்கொள்ளாதே. நீ வாழ்வதைத் தேர்ந்தாய், நான் சாவதை.' தங்கையைக் காப்பாற்றத்தான் இப்படி விலக்குகிறாள் என்று சிலர் அன்போடு வாசிக்கிறார்கள். ஒரு துளி அப்படியும் இருக்கலாம். ஆனால் அந்தக் குரலில் நான் கேட்பது, தன் செயலில் பங்கு கேட்க வந்தவளைப் படியேற விடாத ஒரு கதவு. ஒரே வயிறு என்று முதல் வரியில் அழைத்தவளைத்தான் இப்போது வெளியே நிறுத்துகிறாள். இறந்துபோன உடன்பிறந்தவனுக்கு எல்லையில்லாத பாசம், உயிரோடு முன்னால் நிற்கிற உடன்பிறந்தவளுக்கு ஒரு சொல் இல்லை.

காவலாளி சொன்னதில் ஒரு புதிர் உண்டு. முதல் முறை தூவிய மண்ணே சடங்குக்குப் போதும். தீட்டு நீங்க ஒரு பிடி மண் போதுமென்பது கிரேக்கர் நம்பிக்கை. பிறகு ஏன் பட்டப்பகலில், காவல் இருக்கும்போது மறுபடியும் வந்தாள்? ஆய்வாளர்கள் பல விளக்கங்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பறவையின் கதறலே விடையாகப் படுகிறது. கடமை முதல் முறையோடு முடிந்துவிட்டது. இரண்டாம் முறை அவளை இழுத்து வந்தது, போர்த்திவிட்டு வந்த உடல் மறுபடி திறந்து கிடக்கிறது என்ற தாங்க முடியாத உணர்வு. தன்னுடையதை யாரோ தொட்டுவிட்டார்கள். அது துக்கமா, ரோஷமா என்று கேட்டால் அவளாலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

கல்லால் அடிக்கும் தண்டனையை மாற்றி, குகையில் உயிரோடு அடைத்துக் கொஞ்சம் உணவு மட்டும் வைத்துவிடச் சொல்கிறார் கிரியோன். நகரத்துக்குக் கொலைப் பழி வராமலிருக்க அந்த ஏற்பாடு. அங்கே அவளை நடத்திச் செல்லும்போதுதான் அந்த இறுக்கம் விரிசல் விடுகிறது. கல்லறையை மணவறை என்று அழைத்துப் புலம்புகிறாள். திருமணப் பாட்டு கேட்கவில்லை, பிள்ளையைக் கையில் ஏந்தவில்லை என்று அழுகிறாள். பிள்ளைகளை இழந்து கல்லாகிப்போன நியோபியோடு தன்னை ஒப்பிடுகிறாள். நியோபி தெய்வ குலம், நாம் மனிதர் என்று முதியோர் நினைவூட்ட, ஏளனம் செய்கிறார்கள் என்று துடிக்கிறாள்.

அப்போதுதான் அந்த விசித்திரமான வாதம் வருகிறது. 'கணவனோ பிள்ளையோ செத்து அழுகியிருந்தால் ஊரை எதிர்த்து இதைச் செய்திருக்க மாட்டேன். கணவன் போனால் இன்னொரு கணவன், பிள்ளை போனால் இன்னொருவனிடம் பிள்ளை. தாயும் தந்தையும் மண்ணுக்குள் போய்விட்ட பிறகு, எனக்கு இன்னொரு சகோதரன் பிறக்கவே முடியாது.' கடவுளின் என்றுமுள்ள நியதி என்றவள், கடைசியில் கணக்குப் போடுகிறாளே என்று வாசகர்கள் திகைத்திருக்கிறார்கள். இந்த வரிகள் இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்துவிட மாட்டார்களா என 1827-இல் ஜெர்மானியக் கவிஞர் கோத்தே ஏங்கினார். ஆனால் அரிஸ்டாட்டில் தம் பேச்சுக்கலை நூலில் இவற்றை மேற்கோள் காட்டுகிறார், அத்தனை பழமையானவை. வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிலும் இதே வாதம் உண்டு: குடும்பத்தில் ஒருவரை விடுவிப்பதாகப் பாரசீக மன்னர் டரையஸ் சொன்னபோது, இன்டாஃபெர்னஸின் மனைவி கணவனையும் பிள்ளைகளையும் விட்டுச் சகோதரனைக் கேட்டாள். அவள் கேட்டது உயிரோடிருக்கும் சகோதரனைக் காப்பாற்ற. ஆன்டிகனியின் சகோதரன் ஏற்கெனவே செத்துவிட்டான்; தர்க்கம் பொருந்தவில்லை.

எனக்கு அந்த வரிகள் வேண்டும். அவள் வளர்ந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே தாய்க்கு மகனே கணவனானான். கணவன், பிள்ளை என்ற சொற்களை அந்த வீட்டில் யாராலும் நடுங்காமல் உச்சரிக்க முடியாது. ஓரளவு தெளிவாக மிஞ்சியது உடன்பிறப்பு என்ற ஒன்றுதான். அதுவும் முழுத் தெளிவில்லை; ஈடிபஸும் அவளுக்கு ஒரே தாய் வயிற்றுச் சகோதரன்தானே. அவள் பெயரிலேயே 'எதிர்' என்றும் 'பிறப்பு' என்றும் பொருள்படும் இரு கூறுகள் இருக்கின்றன. பிறப்பிலேயே சிக்கிக்கொண்ட குடும்பத்தின் பெண், புதிய குடும்பம் எதுவும் வேண்டாம், பழைய வயிறு போதும் என்று நிற்கிறாள். ஹீமோன் அவளுக்காகத் தந்தையோடு மல்லுக்கு நிற்கிறான், வெள்ளத்தில் வளைந்துகொடுக்கும் மரமே கிளைகளோடு பிழைக்கும் என்று மன்றாடுகிறான். கையெழுத்துப் பிரதிகள் தரும் பேச்சாளர் வரிசைப்படி, ஆன்டிகனி அவன் பெயரை ஒருமுறைகூடச் சொல்வதில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, தொண்ணூறு வயதை எட்டிய சோபோக்ளிஸ் இவளிடம் திரும்பி வந்தார். அவர் இறந்த பின் கி.மு. 401-இல் அரங்கேறிய அந்த நாடகம், 'கொலோனஸில் ஈடிபஸ்', கதைப்படி முந்தைய காலத்தைச் சொல்கிறது. குருட்டுத் தந்தையின் கையைப் பிடித்து ஊர் ஊராக அலையும் ஆன்டிகனி அதில் வருகிறாள். மகனைப் பார்க்கவே மறுக்கும் தந்தையிடம், 'பெற்றவர் நீங்கள். அவன் எவ்வளவு கொடுமை செய்திருந்தாலும் பதிலுக்குக் கொடுமை செய்வது முறையில்லை' என்று மன்றாடி அவனுக்குப் பேச வழி செய்கிறாள். தந்தை சபித்து அனுப்புகிறார். போகும்போது பாலினைசிஸ் சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறான்: அந்தச் சாபம் பலித்தால் என்னைப் புதையுங்கள். இத்தனை ஆண்டுகள் கழித்துக் கிழவர் தன் கதாநாயகிக்கு இந்த வேண்டுகோளைச் சேர்த்துத் தந்திருப்பது என்னை நெகிழவைக்கிறது.

முதல் நாடகத்தில், அவளைக் குகைக்குக் கொண்டுபோன பிறகு நடப்பதெல்லாம் விரைவு. குருட்டுச் சோதிடர் தைரீசியாஸ் எச்சரிக்கிறார். கிரியோன் இறங்கி வருகிறார். முதலில் பிணத்தை அடக்கம் செய்கிறார், பிறகு குகைக்குப் போகிறார். அதற்குள் அவள் மெல்லிய துணியைச் சுருக்கிட்டுத் தொங்கிவிட்டாள். ஹீமோன் வாளில் விழுகிறான். கிரியோனின் மனைவி யூரிடிசியும் செய்தி கேட்டுத் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். 'சகோதரியின் மகளானாலும் சரி, அதைவிட நெருங்கிய ரத்தமானாலும் சரி, தப்ப முடியாது' என்று முழங்கியவர், வீட்டில் ஒருவரும் மிஞ்சாமல் நிற்கிறார்.

இந்தப் பெண்ணை உலகம் விடவே இல்லை. 1944-இல் ஜெர்மானியப் பிடியிலிருந்த பாரிஸில் புது வடிவில் மேடையேறினாள். ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இதை நடித்தபோது நெல்சன் மண்டேலா ஏற்றது கிரியோன் வேடம். மேடையில் எதிர்த்தரப்பாக நின்றவருக்கும் அவள் தன் தரப்பாகவே தெரிந்தாள். தங்கள் இறந்தவர்களின் உடலைக் கேட்டு நிற்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவளைத் தேடி வருகிறார்கள்.

நான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் தேடுவது இஸ்மெனியை. கிரேக்க மொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே 'இருமை' என்ற எண் உண்டு. தொடக்கக் காட்சியில் சகோதரிகள் தங்களைச் சுட்ட அந்த எண்ணைத்தான் பயன்படுத்துகிறார்கள்: நாம் இருவர். குகைக்குள் போகும் முன் ஆன்டிகனி கடைசியாகச் சொல்கிறாள்: 'தீப்ஸின் தலைவர்களே, பாருங்கள், அரச குலத்தில் மிஞ்சிய ஒரே ஒருத்தி நான்.' அதற்கு முன்பே, ஏறக்குறைய நாடகத்தின் நடுப்பகுதியில், இரண்டு பெண்களையும் கொல்லப் போகிறீர்களா என்று முதியோர் கேட்க, கைவைக்காதவளை விட்டுவிடுவதாகக் கிரியோன் சொல்லியிருந்தார். இஸ்மெனியைப் பற்றிய கடைசிச் சொல் அதுதான். பிறகு பிணங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. அழுகுரல் அரண்மனை முழுக்கக் கேட்கிறது. உள்ளே எங்கோ அவள் இருக்கிறாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.